லிச்சவியில் ஒரு ஜோடி மிச்சம்

நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் அம்பத்தூரில் ஒருவரும் நம்புவதில்லை. டீக்கடையில், "இன்னா நைனா, பென்ஷன் வந்துச்சா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டியதுதான். எனக்கு இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தலையில் ஒரு நரை கிடையாது. ஆனால் தொண்டைக்கு வயதாகிவிட்டது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, இனிமேல் மைக்கைத் தொடாதே, வீட்டில்கூட அளந்து பேசு என்று சொல்லிவிட்டார். என் அம்மா அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். இத்தனை வருஷம் எந்தச் சாமியும் செய்யாததை அவர் செய்துவிட்டாராம்.

பேச முடியாததால் எழுதுகிறேன். எழுதவும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

என் வேலை, யாத்திரை பஸ்ஸில் மைக் பிடிப்பது. நம் ஊர் ஆட்களை ரயிலில் கோரக்பூர் வரை கொண்டுபோய், அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றி, நேபாளத்தில் முக்திநாத், காத்மாண்டு என்று காட்டிவிட்டுத் திரும்ப அவரவர் வாசலில் இறக்கிவிட வேண்டும். போகிற வழியெல்லாம் கதை சொல்ல வேண்டும். இப்போது அந்தக் கதையையெல்லாம் யாரோ நல்ல குரலில் பதிவு செய்து, ஆளுக்கு ஆள் ஃபோனில் போட்டுவிட்டார்களாம். என் இடத்துக்கு வந்திருக்கும் ரேவதி போன வாரம் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, ஃபோன்ல கதை நல்லாத்தான் வருது. ஆனா கேட்டு முடிச்சதும் ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேக்க மாட்டேங்கிறாங்க. அந்த லிச்சவி ராஜா கதைய மட்டும் நீங்க எப்படிச் சொல்வீங்கன்னு எழுதிக் குடுங்க."

அதனால் இது ரேவதிக்காக.

நான் பத்தாவது ஃபெயில். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் கொஞ்ச நாள், பிறகு பூந்தமல்லி ஜமால் பாயின் வேனில் கதவுப் பக்கம் தொங்கிக்கொண்டு மாங்காடு, மாங்காடு என்று கத்துகிற வேலை. வெள்ளிக்கிழமையானால் காமாட்சியம்மன் கோயிலுக்கு ஆள் ஏற்றுவோம். என் வாய் ஓயாததைப் பார்த்த பாய் ஒருநாள் கையில் மைக்கைக் கொடுத்து, "கத்தறதை இதுல கத்து. தூரமாப் போலாம்" என்றார். என் படிப்பு, பயிற்சி எல்லாம் அவ்வளவுதான். வேன் பஸ்ஸாகி, மாங்காடு காத்மாண்டு ஆனது.

காத்மாண்டு என்பது மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம். அந்தக் கிண்ணத்தை ஆண்டவர்களின் கதையைத்தான் நான் மைக்கில் சொல்வேன். எங்கள் டிரைவர் இந்தியில் சொன்னது கொஞ்சம், அங்கே கோயில் வாசலில் கேட்டது கொஞ்சம், மிச்சத்துக்கு உப்பும் காரமும் என்னுடையது. முதலில் ஆண்டவர்கள் கோபாலர்களாம், பசு மேய்த்தவர்கள். ஒரு பசு தினமும் ஒரு மேட்டில் போய்ப் பாலைச் சொரிய, தோண்டிப் பார்த்தால் உள்ளே பசுபதிநாதர். இதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி பஸ், "இது எங்க ஊரு கோயில் கதைப்பா" என்று எழுந்து நிற்கும். அடுத்து மகிஷபாலர்கள், எருமை மேய்த்தவர்கள். அவர்களை அடித்து விரட்டிவிட்டு வந்தவர்கள் கிராதர்கள். அந்த வம்சத்து ராஜா ஒருவன் பாரதப் போரைப் பார்க்கப் போய்க் கிருஷ்ணனிடம் தலையைக் கொடுத்தானாம். "நம்ம அரவான்தான், பேர மாத்தி வெச்சிகிறான்" என்பார்கள். பிறகு லிச்சவிகள், கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போனவர்கள். அதற்கும் பிறகு மல்லர்கள்.

இந்த வம்சங்களை நான் சும்மா கதையாக வைத்துக்கொண்டிருக்கவில்லை. பஸ்ஸில் சீட்டுச் சண்டை என்று ஒன்று உண்டு. மலைப் பாதையில் பின் சீட்டில் உட்கார்ந்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். எல்லாருக்கும் முன் சீட்டு வேண்டும். கோயிலுக்குப் போகிற வயதானவர்கள் சீட்டுக்குப் பேசுகிற பேச்சைக் கேட்டால் சாமியே எழுந்து இடம் கொடுத்துவிடும். நான் வரிசைகளை ஐந்தாகப் பிரித்து வம்சப் பெயர் வைத்தேன். தினம் ஒரு வம்சம் ஆட்சி, சரித்திர வரிசையெல்லாம் பார்ப்பதில்லை. ஆளுகிற வம்சத்துக்கு முன் சீட்டு, முதல் காபி, முதல் பக்கெட் வெந்நீர். மறுநாள் ஆட்சி கவிழும். கவிழ்ந்தவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். யாரும் சண்டை போடுவதில்லை. ராஜாவே இறங்கிப் போயிருக்கிறான், நாம் போனால் என்ன என்று போய்விடுவார்கள்.

மகிஷபாலர் வரிசைக்கு மட்டும் ஒவ்வொரு பயணத்திலும் கோபம் வரும். நான் சொல்லப்போகும் பயணத்தில் அந்த வரிசையில் அம்பத்தூர் தங்கராசு இருந்தார்.

"டேய், காலம்பூரா லேத்து ஓட்டுனவன் நானு. என்ன எருமை மேய்க்க உட்டுட்டியா?"

"அண்ணாத்தே, எருமை மேச்சவனும் ராஜாதான். நாளைக்கு உன் ஆட்சி. மொதல் காபி உனக்கு."

"ஆட்சி ஒரு நாளா?"

"வெறும் மூணு ராஜாவோட முடிஞ்ச வம்சம் அண்ணாத்தே அது. ஒரு நாளே ஜாஸ்தி."

இனி ஜமால் பாய். அவரைப் பற்றி நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். அவரே நிதானமானவர். வயதானவர்களிடம் எப்போதும் நேரம் சொல்லக்கூடாது என்பது அவர் சட்டம். "டைம் ஆச்சின்னு சொன்னா அவங்களுக்குக் கால் தடுக்கும்டா. வண்டி நிக்குதுன்னு மட்டும் சொல்லு." யாரையும் கை பிடித்து இழுக்கக் கூடாது. யாரையும் பெயர் சொல்லித் தெருவில் கத்தக் கூடாது. வேனில் கத்திப் பழகிய எனக்கு இந்த மூன்றாவது சட்டம் பெரிய தண்டனை.

பாய் கோயிலுக்குள் வரமாட்டார். வாசலில் செருப்பு பார்ப்பார். அதைக் காவல் என்று சொன்னால் குறைவு. பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை விரிப்பார். பூந்தமல்லியில் ஒரு தையல்காரரிடம் வாங்கிய வெட்டுத் துணிகள் பையில் இருக்கும், வம்சத்துக்கு ஒரு நிறம். ஒவ்வொரு ஜோடியையும் அந்த நிறத் துணியால் முடிந்து, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் வரிசைப்படியே பரப்புவார். கோயிலை விட்டு வருகிறவர் அப்படியே காலை நுழைத்து நடக்க வேண்டும் என்பதற்காக, விரல் பக்கம் வெளியே பார்த்தபடி திருப்பி வைப்பார். வெயில் பட்டால் இடம் மாற்றுவார். மழை வந்தால் தன் குடையைச் செருப்புக்குப் பிடிப்பார்.

நாங்கள் ஆள் எண்ணுவதே இல்லை. எல்லாரும் வந்து போட்டுக்கொண்டு போன பிறகு பேனரில் ஒரு ஜோடி மிச்சமிருந்தால், ஓர் ஆள் உள்ளே மிச்சம். பாய் பெயரைச் சொல்ல மாட்டார். "கிராதர்ல ஒண்ணு மிச்சம்" என்பார். நான் ஓடுவேன். பெரும்பாலும் பிரசாத வரிசையில் இரண்டாம் முறை நின்றுகொண்டிருப்பார்கள்.

அந்தப் பயணத்தில் லிச்சவி வரிசையில் கமலவேணியம்மா இருந்தார். பட்டாபிராம்காரர். புருஷன் ராணுவ டெப்போவில் வேலை பார்த்தவர். இரண்டு பேரும் சேர்ந்து நேபாளம் போக ஆசைப்பட்டு, அவர் அதற்கு முந்தின வருஷம் தவறிவிட்டார். ஒரே மகன், பெயர் திலீபன், ஐ.டி. கம்பெனியில் வேலை. ஆவடியில் ஒன்பதாவது மாடியில் ஃப்ளாட். அப்பா போனதும் பட்டாபிராம் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொண்டார். எங்கள் வேனில் அந்த அம்மாவை ஏற்றிவிட்டதும் அந்த ஃப்ளாட் வாசலில்தான். "பத்திரமா கூட்டிட்டு வந்துடுங்க பிரதர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல பிள்ளை. கண் கலங்கியிருந்தது.

கமலவேணியம்மா அழுகிற ரகம் இல்லை. என்னை "டேய் மைக்கு" என்றுதான் கூப்பிடுவார். தன் ஜன்னலோர சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் பையை வைத்திருந்தார். நான், "லிச்சவி ராணி, பக்கத்து சீட்டு காலியா கீதே, வேற வம்சத்துக்கு உடலாமா?" என்று கேட்டேன்.

"காலியா இல்லடா. அவருக்கு டிக்கெட் எடுக்கல, அவ்ளோதான்."

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தப் பையை நான் அதற்குப் பிறகு நகர்த்தச் சொல்லவில்லை.

காத்மாண்டுவில் நாங்கள் இருந்த கடைசி நாளுக்கு முந்தைய நாள், சாங்கு நாராயண் கோயிலுக்குப் போனோம். ஊரை விட்டுத் தள்ளி மலை மேல் இருக்கும் பெருமாள் கோயில். அதன் முன்னால் ஒரு பழைய கல்தூண். மானதேவன் என்ற லிச்சவி ராஜா எழுதி வைத்தது. அன்று லிச்சவி ஆட்சி வேறு. அந்த வரிசைக்காரர்கள் தங்கள் தாத்தா வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி தூணைத் தொடப் போனார்கள்.

நான் வழக்கம்போலச் சொன்னேன். மானதேவனின் அப்பா தர்மதேவன் திடீரென்று இறந்துபோனார். அம்மா ராஜ்யவதி, புருஷனோடு தானும் போய்விடுகிறேன் என்று கிளம்பிவிட்டாள். மகன் காலில் விழுந்து அழுதான். நீ இல்லாமல் எனக்கு இந்த ராஜ்யம் எதற்கு, நீ போனால் நானும் உயிரை விட்டுவிடுவேன் என்றான். அந்தக் கண்ணீரிலும் பேச்சிலும் அம்மா வலையில் அகப்பட்ட பறவை மாதிரி நின்றுவிட்டாளாம். கல்லிலேயே அப்படித்தான் இருக்கிறது என்பார்கள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துவேன். பெண்கள் முந்தானையை எடுப்பார்கள். அன்றும் எடுத்தார்கள். கமலவேணியம்மா மட்டும் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய் மைக்கு. அப்பறம் அவன் இன்னா பண்ணான்?"

"அப்பறம் சண்டைக்குப் போனாம்மா. அப்பாவுக்குப் பட்ட கடனை வீரத்தால தீக்கறேன்னு சொல்லிட்டு, மொதல்ல கெழக்கால போய் ஜெயிச்சான். அப்பறம் ஆத்தத் தாண்டி மேற்கால போய் ஜெயிச்சான்."

"அம்மா?"

"அம்மாவ நெறையா தானம் பண்ணச் சொன்னான்."

"அதாவது, நீ செத்தா நானும் செத்துருவேன்னு அழுது நிறுத்திட்டு, அவன் கெளம்பிப் பூட்டான்."

"ராஜா இல்லியாம்மா. போய்த்தானே ஆவணும்."

"போவட்டும். போவ வேணாம்னு சொல்லல. அவ இன்னா ஆனா? அத சொல்லு."

"கல்லுல இல்லம்மா."

அவர் தலையை ஆட்டினார். "என் புள்ளையும் தங்கமானவந்தான். பெரிய டிவி வாங்கிக் குடுத்துகிறான்" என்றார். அதற்கும் நாங்கள் சிரித்தோம்.

மறுநாள் காலை பசுபதிநாதர் கோயில். தரிசனம் முடிந்ததும் பஸ் கிளம்பி எல்லைக்குப் போக வேண்டும், அங்கிருந்து கோரக்பூர், ரயில். பனி மூட்டம். நானே பல் கிட்டிக்க நின்றேன். ஒவ்வொருவராக வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் பக்கம் போனார்கள். பேனர் காலியாகிக்கொண்டே வந்து, பச்சைத் துணி முடிந்த ஒரு ஜோடி நின்றது.

"லிச்சவில ஒண்ணு மிச்சம்" என்றார் பாய்.

கோயிலுக்குப் பின்புறம் பாக்மதி ஆறு ஓடுகிறது. அதன் படித்துறையில்தான் பிணங்களை எரிப்பார்கள். கமலவேணியம்மா அந்தப் புகைக்குக் கொஞ்சம் தள்ளி, படியில் காலை மடித்து உட்கார்ந்திருந்தார். பை மடியில்.

"லிச்சவி ராணி, வண்டி நிக்குது."

"போவட்டும். நான் வர்ல."

"ஆட்சி கவுந்துச்சின்னு கோவமா? பின் சீட்டு வேணாம், டிரைவர் பக்கத்துல உக்காரு."

"வெளாடாத. இங்க வயசான பொம்பளைங்க தங்கறாங்களாம். சாமி கும்பிட்டுகினு, இந்தப் படியில உக்காந்துகினு, காலம் வந்தா இங்கியே. அவருக்கும் இந்த ஊரு புடிச்சிருக்கும். நீ போ."

நான் இருபது வகையில் பேசியிருப்பேன். குளிர் என்றேன். பாஷை தெரியாது என்றேன். சோற்றுக்கு ரசம் கிடைக்காது என்றேன். ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் திலீபனுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நீட்டினேன். அவர் உடனே அழுதுவிட்டார். நிஜமாகத்தான் அழுதார். "அம்மா, நீ இல்லாம நான் என்னம்மா பண்ணுவேன்? அப்பாவும் இல்ல, நீயும் போயிட்டா நான் யாருக்காகம்மா சம்பாதிக்கிறேன்?"

கமலவேணியம்மாவின் முகம் இளகியது. கை ஃபோன் பக்கம் வந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது ஃபோனில், "அம்மா, ஒரே நிமிஷம், லைன்லயே இரு. ஆபீஸ் கால் வருது, எடுக்கலைன்னா பிரச்சினை" என்றது. பிறகு ஏதோ பாட்டு ஓடியது.

அவர் ஃபோனைப் பார்த்துச் சிரித்தார். "கெளம்பிட்டான்டா. கெழக்கால."

நான் வாசலுக்கு வந்து பாயிடம் சொன்னேன். அதற்குள் தங்கராசுவும் வேறு சிலரும் பஸ்ஸை விட்டு இறங்கி வந்துவிட்டார்கள்.

"இன்னா பாய் இது? ரயில் பூட்டா நாங்க இன்னா பண்றது? நாலு பொம்பளைங்கள அனுப்பி கையப் புடிச்சி இட்டாரச் சொல்லு."

"இழுத்துகினு வந்தா ஒடம்பு வரும் தங்கராசு. ஆள் வராது" என்றார் பாய். "மீதிப் பேருக்கு இன்னொரு காபி குடு. வண்டி நிக்கட்டும்."

"அப்ப இன்னாதான் பண்ணப் போற?"

பாய் பச்சை முடிச்சோடு அந்தச் செருப்பை எடுத்துக் குடையோடு நடந்தார். கோயில் பக்கம் அவர் போக முடியாது, இந்து அல்லாதவர்களை விடமாட்டார்கள். ஆற்றின் எதிர்க்கரைக்கு யாரும் போகலாம். சுற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டி, அந்தக் கரைப் படியில், கமலவேணியம்மாவுக்கு நேர் எதிரே போய் நின்றார். நான் இந்தக் கரையில் அம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்தேன். நடுவில் ஒடுங்கலான ஆறு, புகை, பனி. பாய் ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. முடிச்சை அவிழ்த்தார். செருப்பைப் படியில் வைத்தார். விரல் பக்கம் வெளியே பார்த்தபடி திருப்பி வைத்தார். ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டார்.

"அந்த பாய் ஏன்டா அங்க உக்காந்துகினு கீறாரு?"

"இந்தப் பக்கம் வர முடியாதும்மா அவரால."

"வண்டிக்குப் போவச் சொல்லு."

"நீ சொல்லு. என் பேச்ச அவரு என்னிக்குக் கேட்டாரு?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாய் தலைகுனிந்து தஸ்பீஹ் ஜெபமணியை உருட்ட ஆரம்பித்தார். அப்படியே எவ்வளவு நேரம் போயிருக்குமோ. எனக்கு உட்கார்ந்து அழலாம்போல் இருந்தது. அவ்வளவு அசதி. எத்தனை பேரை எத்தனை மலையில் ஏற்றி இறக்கியிருக்கிறோம், ஒருத்தரை ஒரு படியிலிருந்து எழுப்ப முடியவில்லை.

பசுபதிநாதர் கோயில் குரங்குகளைப் பற்றி நான் மைக்கில் தனியாக எச்சரிப்பேன். அவற்றில் ஒரு தடியன், பாயின் முதுகுக்குப் பின்னால் படியில் இறங்கி வந்தான்.

"பாய்!" என்று கமலவேணியம்மா கத்தினார். "பாய்! கொரங்கு! செருப்பு!"

பாய் திரும்புவதற்குள் இடது செருப்பு போய்விட்டது. தடியன் பக்கத்துச் சின்னக் கோபுரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து வாரைக் கடித்துப் பார்த்தான். பாய் குடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். நேரம் சொல்லாதவர், குரல் உயர்த்தாதவர், "டேய், டேய் படுவா, குட்றா, அது லிச்சவிடா" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

கமலவேணியம்மா எழுந்துவிட்டார். "இன்னொன்னையாவது புடிங்க பாய், அது எடுத்துகினு போவுது பாரு!" என்று கத்திக்கொண்டே, உலகமே வேண்டாம் என்று உட்கார்ந்திருந்த அம்மா, வெறுங்காலோடு பாலத்தில் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். பிணம் எரிக்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் கரையில் பாய் வலது செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார். தடியன் மேலே. கமலவேணியம்மா இருவரையும் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. பயணம் முழுக்க அழாதவர் அப்போது அழுதார். பாய் ஒரு படி கீழே உட்கார்ந்து, முடியும் வரை காத்திருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். டாக்டர் சொல்லாமலே மூடியது அந்த ஒரு தடவைதான்.

பிறகு பாய் கேட்டார். நாங்கள் யாரும் அந்த அம்மாவிடம் கேட்காத கேள்வி. நாங்கள் எல்லாரும் வருவாயா மாட்டாயா என்றே கேட்டுக்கொண்டிருந்தோம்.

"தங்கச்சி, எந்த ஊட்டுக்கு வர மாட்டீங்க?"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒம்போதாம் மாடிக்கு."

"ஏன், கவனிக்கலியா?"

"நல்லா கவனிக்கறான் பாய். காலைல போறான், ராத்திரி வர்றான். கீழ எட்டிப் பாத்தா ஆளுங்க எறும்பாட்டம் போவுது. பேர் சொல்லிக் கூப்பிடக்கூட ஆள் கெடையாது. செருப்பப் போட்டு ஒரு மாசம் ஆச்சி, இந்த டூருக்குத்தான் எடுத்தேன்."

"எந்த ஊடுன்னா வருவீங்க?"

"பட்டாபிராமு. எங்க ஊடு. சாவி அவன் கைல கீது. வாடகைக்கு உடறேன்றான். தனியா இருந்தா எதுனா ஆயிடும்னு அழுவறான். அவன் அழுதா எனக்குத் தாங்காது பாய். அதான் போவாமலே இருந்துடலாம்னு."

"சாவி வாங்கறது எங்க வேல" என்றார் பாய். "ஒத்த செருப்போட வண்டி வரைக்கும் நடக்க முடியுமா?"

அவர் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் பாயின் கைக்குட்டையுமாக நடந்து வந்தார். பஸ்ஸில் ஏறியதும் தங்கராசு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மாவின் காலைப் பார்த்ததும் எழுந்து தன் முன் சீட்டைக் காட்டினார். அன்று மகிஷபாலர் ஆட்சி.

"உக்காருங்க. எங்க வம்சத்துல கெழவிங்கள பின்னால அனுப்ற வழக்கம் இல்ல."

"யார்ரா கெழவி?" என்றார் கமலவேணியம்மா. அப்போதுதான் பஸ்ஸுக்கு உயிர் வந்தது.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. எந்த வாசலில் ஏற்றினோமோ அந்த வாசலில்தான் இறக்க வேண்டும். பாயே போட்ட சட்டம். அதை அவர் மீறி நான் பார்த்தது அந்த ஒரே தடவை. ரயிலிலிருந்து திலீபனுக்கு ஃபோன் செய்தார். "தம்பி, அம்மா வர்றாங்க. பட்டாபிராம் ஊட்டாண்ட சாவியோட நில்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்." அந்தப் பக்கம் அவர் என்னென்னவோ பேசினார். பாய் எல்லாவற்றுக்கும், "சாவி தம்பி" என்று மட்டும் சொன்னார்.

வேன் அம்பத்தூரில் தங்கராசுவை இறக்கியது. ஆவடியில் அந்த உயரமான கட்டடத்தைத் தாண்டியபோது கமலவேணியம்மா ஜன்னலை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்து, "டேய் மைக்கு, எதுனா பேசுடா" என்றார். எனக்கோ சாவி இருக்குமா என்ற பயம்தான் இருந்தது. இல்லையென்றால் அந்த அம்மாவை எந்த வாசலில் இறக்குவது?

பட்டாபிராமில் பூட்டிய கதவின் முன்னால் திலீபன் நின்றுகொண்டிருந்தார். ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்கியது. அம்மாவைப் பார்த்ததும் முகம் கோணியது.

"அம்மா, தனியா நீ எப்படிம்மா..."

"அழுவாத திலீபா. நீ அழுதா நான் நின்னுடுவேன். நீ போய்டுவ. அந்த ராணிக்கும் அதான் ஆச்சி."

"எந்த ராணி?"

"அதெல்லாம் பெரிய வம்சம். உக்காந்து கேட்டா சொல்றேன். ஞாயித்துக்கெழம வா."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பாய் வேனின் படியிலேயே இருந்தார், இறங்கவில்லை. திலீபன் சட்டைப் பையில் கை விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார். பிறகு சாவியை அம்மாவின் கையில் வைத்தார். அழவில்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

காத்மாண்டு கடைத்தெருவில் வாங்கிய புது ரப்பர் செருப்பு அந்த அம்மாவின் காலில். வாசற்படியில் கழற்றிவிட்டு உள்ளே போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார். குனிந்து, அந்த ஜோடியைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார். வேனில் இருந்த பாயைப் பார்த்தார். பாய் டிரைவரிடம், "எல்லாம் எறங்கியாச்சு, போலாம்" என்றார்.

ரேவதி, நீ கேட்டதற்கு இதுதான் பதில். கதையை எப்படி வேண்டுமானாலும் சொல். மகன் கிழக்கே போய் ஜெயித்தான், மேற்கே போய் ஜெயித்தான் என்று சொன்னதும் மைக்கை அணைத்துவிட்டு அந்தத் தூணின் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நில். ஃபோன் குரலுக்கு சும்மா நிற்கத் தெரியாது. யாராவது ஒருத்தர், அந்த அம்மா என்ன ஆனாள் என்று கேட்பார். கேட்பவர் எந்த வரிசை என்று பார்த்து வைத்துக்கொள். மறுநாள் பசுபதிநாதர் கோயிலில் அவர் செருப்பின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

நான் இப்போதும் பட்டாபிராம் பக்கம் போனால் அந்தத் தெரு வழியாகத்தான் வண்டியை விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் வாசலில் இரண்டு ஜோடி கிடக்கும், ஒன்று பெரியது, பளபளப்பானது. மற்ற நாளில் பெரும்பாலும் வாசல் காலி. ரப்பர் செருப்பு இருக்காது. கதவு பூட்டியிருக்கும். கடைக்கோ, கோயிலுக்கோ, யார் வீட்டு வாசலுக்கோ, அந்த அம்மா எங்கோ நடந்துகொண்டிருக்கிறார். கூப்பிட்டுப் பார்க்க எனக்குக் குரல் இல்லை. மிச்சம் எதுவும் இல்லை என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன்.